மோட்டார்ஹோமில் மேற்குக் கனடா: ஓய்வு பெற்ற தம்பதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒண்டாரியோவில் இருக்கிறோம். கால்கரி வரை விமானத்தில் போய், அங்கே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பான்ஃப், லேக் லூயிஸ், ஜாஸ்பர், மவுண்ட் ராப்சன், வெல்ஸ் கிரே, காம்லூப்ஸ் வழியாகப் போய் வான்கூவரில் வண்டியை ஒப்படைத்தோம். அதிலிருந்து சொந்தக்காரர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனவே பதில்களை எழுதியே வைத்துவிட்டேன். இவை முட்டி வலியும் மாத்திரை டப்பாவும் ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கும் வழக்கமும் உள்ளவர்களுக்கான பதில்கள். சின்ன வயசுக்காரர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வண்டியை ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். ஒண்டாரியோவின் சாதாரண ஜி லைசென்ஸே போதும். அதில் 11,000 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம், வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்கள் அதைவிட எடை குறைந்தவை. ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர்களுக்கு கிளாஸ் 5 போதும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் பெற்றோர் ஓட்டுவதாக இருந்தால், ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வருவது நல்லது. வாடகைக் கம்பெனியின் விதிகளையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரண்டு பேர் பெயரையும் ஓட்டுநராகப் பதிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் மற்றவர் ஓட்ட வேண்டும் இல்லையா?

எந்த அளவு வண்டி எடுப்பது?

மோட்டார்ஹோம்களில் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ என்பது பஸ் மாதிரி பெரியது, பி என்பது வேன். டிரைவர் தலைக்கு மேல் ஒரு பரண் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் சி. வாடகைக்கு அதிகம் கிடைப்பதும் சி தான். இரண்டு பேருக்கு 22 முதல் 25 அடி வண்டி தாராளம். எல்லாரும் நீளத்தையே பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கட்டிலை. சின்ன வண்டிகள் பலவற்றில் பின்பக்க மூலையில் சுவரோடு ஒட்டிக் கட்டில் போட்டிருப்பார்கள். உள்பக்கம் படுத்தவர் ராத்திரி பாத்ரூம் போக வேண்டுமென்றால் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் இறங்க முடியும். இந்த வயதில் அது வேண்டாத வித்தை. இரண்டு பக்கமும் இறங்க வழியுள்ள கட்டில் வேண்டும் என்று கேளுங்கள், அதற்காக இரண்டடி நீளம் கூடினாலும் பரவாயில்லை. பரணில் ஏணி வைத்து ஏறிப் படுப்பதெல்லாம் பேரப் பிள்ளைகளோடு விட்டுவிடுங்கள். நாங்கள் அங்கே பெட்டிகளைத்தான் அடுக்கினோம்.

எப்போது போகலாம்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் இல்லையென்றால் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். எங்கள் ஓட்டு செப்டம்பருக்குத்தான். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறை முடிந்ததும் கூட்டம் வடிந்துவிடும், கொசுவும் போய்விடும். மாதக் கடைசியில் லார்ச் மரங்கள் மஞ்சளாக மாறும். குளிர் இருக்கும், வண்டியில் ஹீட்டரும் இருக்கிறது. ஜூனும் நல்ல மாதம்தான். ஜாஸ்பரில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். ஆனால் ஜூன் தொடக்கத்தில் உயரமான ஏரிகளில் பனிக்கட்டி முழுக்கக் கரைந்திருக்காது. அக்டோபர் 1 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலைகளில் குளிர்கால டயர் கட்டாயம், ஆகவே அதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

இருநூறு கிலோமீட்டர். அதற்கு மேல் வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படித்தால் போதும்.

கால்கரியிலிருந்து பான்ஃப் 130 கி.மீ., அங்கிருந்து லேக் லூயிஸ் 60-க்கும் குறைவு. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரைக்கும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச் சாலை, 232 கி.மீ. ஜாஸ்பரிலிருந்து காம்லூப்ஸ் சுமார் 440, காம்லூப்ஸிலிருந்து வான்கூவர் சுமார் 355. எல்லாம் சேர்த்தால் 1,200 கி.மீ. சொச்சம். காரில் மூன்று நாளில் முடித்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். முடிக்கலாம். ஆனால் பார்க்வேயில் மட்டும் போ ஏரி, பேட்டோ ஏரி, கொலம்பியா பனிப்புலம், சன்வாப்டா அருவி, அத்தபாஸ்கா அருவி என்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி இறங்கி ஏற அரைமணியாவது ஆகும். அதை ஒரே பகலில் அடக்கினால் சாயங்காலம் மனதில் நிற்பது பார்க்கிங் மட்டுமே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மோட்டார்ஹோமில் காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட முடியாது. மின்சார வயரைச் சுருட்ட வேண்டும், தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் கதவின் தாழ்ப்பாள், அலமாரிகளின் பூட்டு, கூரை ஜன்னல், வெளிப்படி எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அலமாரி ஒன்று சரியாகச் சாத்தப்படவில்லை என்றால் முதல் வளைவிலேயே ஊறுகாய் பாட்டில் சொல்லிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்து வண்டியைச் சமப்படுத்துவது கூடுதல் வேலை. இதற்கே தினம் ஒன்றரை மணி போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள் என்கிறேன். பான்ஃபிலும் ஜாஸ்பரிலும் மூன்று.

மலைச் சாலையில் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டப் பயமாக இருக்காதா?

முதல் நாள் இருக்கும். தேசியப் பூங்காக்களுக்குள் சாலைகள் அகலமானவை, வளைவுகள் நிதானமானவை. பார்க்வேயில் சரக்கு லாரிகளுக்கு அனுமதியே இல்லை, வேக வரம்பு 90. பின்னால் கார்கள் சேர்ந்தால் அடுத்த ஒதுங்குமிடத்தில் வழிவிட்டுவிடுங்கள். அவசரம் அவர்களுக்கு, நமக்கு இல்லை.

கவனம் வேண்டியது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். காம்லூப்ஸிலிருந்து வான்கூவர் போகும் வழியில், மெரிட், ஹோப் என்ற ஊர்களுக்கு நடுவே, கோக்விஹாலா நெடுஞ்சாலையின் உச்சி 1,244 மீட்டர். ஹோப் ஊரோ கடல்மட்டத்திலிருந்து வெறும் 40 மீட்டர் சொச்சம்தான். அந்த உயரம் முழுவதையும் சுமார் 50 கி.மீ. தூரத்துக்குள் இறங்கியாக வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகி வாசனை வரும், அப்புறம் பிடிக்காது. கியரைக் குறைத்து எஞ்சினையே தடுக்கச் சொல்லுங்கள். டோ-ஹால் என்ற பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளை மேடுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

லேக் லூயிஸிலிருந்து டகாக்கா அருவிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அருவி 373 மீட்டர், அற்புதம். ஆனால் யோஹோ பள்ளத்தாக்குச் சாலையில் ஊசி வளைவுகள் உண்டு. நீளமான வண்டிகள் ஒரே திருப்பில் திரும்ப முடியாமல், ஒரு பகுதியைப் பின்னோக்கியே ஓட்டிக் கடப்பார்கள். என் கணவர் ஆசைப்பட்டார். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியின் உயரம் பன்னிரண்டு அடிக்குப் பக்கத்தில் வரும். ஒரு சின்னச் சீட்டில் அதை எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். காபிக் கடை டிரைவ்-த்ரூ பக்கம் வண்டியைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

கேம்ப்கிரவுண்ட் புக்கிங் எப்படி?

கேம்ப்கிரவுண்ட் என்றால் வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடம். தேசியப் பூங்காக்களில் உள்ளவற்றை மத்திய அரசின் பார்க்ஸ் கனடா நடத்துகிறது. கோடைக்கான புக்கிங் குளிர்காலத்திலேயே, ஜனவரி முதல் மார்ச்சுக்குள், பூங்காவுக்கு ஒரு நாள் வீதம் திறக்கும். அன்று காலையில் பிள்ளைகளில் ஒருவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வையுங்கள். பான்ஃபில் டனல் மவுண்டன் டிரெய்லர் கோர்ட்டில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உண்டு. லேக் லூயிஸில் மின்சாரம் மட்டும். ஜாஸ்பரில் விஸ்லர்ஸ், வாபிட்டி என்று இரண்டு. விஸ்லர்ஸ் மிகப் பெரியது, 781 இடங்கள். பொதுவாக மதியம் 2 மணிக்கு மேல் உள்ளே விடுவார்கள், மறுநாள் 11-க்குள் காலி செய்ய வேண்டும்.

பூங்காவுக்குள் நுழையத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். ஏழு நாளுக்கு மேல் பூங்காக்களுக்குள் இருப்பீர்கள் என்றால் வருடாந்திர டிஸ்கவரி பாஸ்தான் லாபம். 65 வயதானவர்களுக்குச் சலுகை விலை உண்டு.

மொரெய்ன் ஏரிக்கு வண்டியிலேயே போகலாமா?

முடியாது. 2023 முதல் அந்தச் சாலையில் சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் மாதிரியான பஸ்ஸில்தான் போக வேண்டும், அதற்கும் முன்பதிவு. டிக்கெட்டில் ஒரு பங்கை இரண்டு நாள் முன்னதாகக் காலை 8 மணிக்கு விடுவார்கள், அதையும் முயன்று பாருங்கள். பழைய இருபது டாலர் நோட்டின் பின்பக்கம் இருந்தது இந்த ஏரிதான். லூயிஸ் ஏரியில்கூட பார்க்கிங் விடியற்காலையிலேயே நிரம்பிவிடும், அதே ஷட்டிலில் இரண்டையும் பார்த்துவிடலாம். பான்ஃப் ஊருக்குள் சுற்ற ரோம் பஸ் இருக்கிறது. டனல் மவுண்டனிலேயே ஏறலாம்.

கழிவறைத் தொட்டியை யார் காலி செய்வது? நாமா?

நாம்தான். இந்தக் கேள்வியை எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. மூன்றாவதைப் பிளாக் டாங்க் என்பார்கள். டம்ப் ஸ்டேஷன் என்று சிமெண்டுத் தரையும் மூடி போட்ட குழியும் உள்ள இடம் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் இருக்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தடிமனான குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகி, மறுமுனையைக் குழிக்குள் நன்றாக இறக்கி, மேலே ஒரு கல்லையோ காலையோ வையுங்கள். முதலில் பிளாக் டாங்க் வால்வை இழுக்க வேண்டும். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டு, பிறகு குளியல் தண்ணீர் வால்வு. அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். இந்த வரிசை மாறக் கூடாது. அங்கே இரண்டு தண்ணீர்க் குழாய்கள் இருக்கும். ஒன்று அலசுவதற்கு, மற்றொன்று குடிநீர் பிடிக்க. பலகையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். கழிவுநீர் இணைப்புள்ள இடத்தில் நின்றாலும் பிளாக் டாங்க் வால்வைத் திறந்தே விடாதீர்கள். தண்ணீர் மட்டும் வழிந்தோடி மற்றது உள்ளேயே கட்டிப்போகும். முக்கால்வாசி நிரம்பட்டும், அப்புறம் திறங்கள். மொத்தமே பத்து நிமிஷ வேலை. பிள்ளைகளுக்கு டயபர் மாற்றியவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

சீக்கிரம் நிரம்புவது உண்மையில் குளியல் தண்ணீர்த் தொட்டிதான். சாம்பார் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 23 லிட்டர்தான், ஒருவர் குளித்ததும் மற்றவர் காத்திருக்க வேண்டும். நாங்கள் கேம்ப்கிரவுண்டு குளியலறையைத்தான் அதிகம் பயன்படுத்தினோம்.

நம்ம சமையல் செய்ய முடியுமா?

தாராளமாக. புரொப்பேன் அடுப்பு, ஃபிரிட்ஜ், சிங்க் எல்லாம் உண்டு. பிரஷர் குக்கரை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். லேக் லூயிஸ் பக்கம் உயரம் 1,500 மீட்டருக்கு மேல், அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெறும் பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. தாளிப்பதை வெளியே மேசையில் சின்ன அடுப்பு வைத்துச் செய்யுங்கள், உள்ளே கடுகு வெடித்தால் புகை அலாரம் கத்தும். கால்கரியில் இந்தியக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கறிவேப்பிலை, தோசை மாவு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். பான்ஃபிலும் ஜாஸ்பரிலும் மளிகை விலை கூட.

கரடி வருமா?

வரலாம். கருங்கரடி, கிரிஸ்லி இரண்டும் இருக்கின்றன. லேக் லூயிஸில் கூடாரக்காரர்களின் பகுதியைச் சுற்றி மின்வேலியே போட்டிருக்கிறார்கள். மோட்டார்ஹோம் போன்ற கெட்டியான வண்டிகளுக்கு வேலிக்கு வெளியே தனிப் பகுதி. நமக்குப் பிரச்சினை வெளியே விட்டுவைக்கும் சாமான்தான். தட்டு, எண்ணெய் பாட்டில், குப்பைப் பை, காலி கூலர்கூட மேசைமேல் இருக்கக் கூடாது. தாளித்த வாசனை கரடிக்கும் பிடிக்கும், ஆகவே அந்தச் சின்ன அடுப்பையும் துடைத்து உள்ளே வையுங்கள். பார்க் ஊழியர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். தண்டனை பயமுறுத்தலோடு நிற்காது: வனவிலங்குக்குத் தீனி போட்டால் 25,000 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கரடியிடமிருந்து 100 மீட்டர், எல்க் மானிடமிருந்து 30 மீட்டர் தள்ளி இருங்கள். கரடி ஸ்பிரேயை விமானத்தில் எதிலும் கொண்டுபோக முடியாது, இறங்கிய ஊரில் வாங்குங்கள். பான்ஃப் வழியாகப் போகும்போது நெடுஞ்சாலைக்கு மேலே மரம் வளர்ந்த பாலங்கள் தெரியும். அவை மிருகங்கள் கடப்பதற்காகக் கட்டியவை: மேலே 6, சாலைக்கு அடியில் 38.

பெட்ரோல் எவ்வளவு ஆகும்?

நிறைய. நூறு கி.மீ.க்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றல்களோடு சேர்த்து 400 லிட்டர் வரலாம். ஆல்பர்ட்டாவில் விலை குறைவு, எல்லை தாண்டுமுன் ஜாஸ்பரில் நிரப்பிவிடுங்கள். பார்க்வேயில் லேக் லூயிஸுக்கும் ஜாஸ்பருக்கும் நடுவே பங்க் இருப்பது சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங் ஒன்றில்தான், அங்கே விலை மலை ஏறியிருக்கும்.

அழகான இடத்தில் ஓரமாக நிறுத்தித் தூங்கிவிடலாமே?

தேசியப் பூங்காவில் கேம்ப்கிரவுண்டைத் தவிர எங்கும் வண்டியில் தூங்கக் கூடாது. ரேஞ்சர் வந்து தட்டுவார்.

போன் சிக்னல்?

ஊர்களில் உண்டு. பார்க்வேயின் பெரும்பகுதியில் இல்லை. வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். பிள்ளைகளிடம் இன்றைக்கு முழுவதும் கூப்பிட முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மருந்து, ஆஸ்பத்திரி விஷயங்கள்?

பான்ஃப், ஜாஸ்பர், காம்லூப்ஸ் ஊர்களில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜாஸ்பருக்கும் காம்லூப்ஸுக்கும் நடுவே ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட காடு. மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் உண்டு. தூங்கும்போது மூச்சுக் கருவி போடுகிறவர்கள் கட்டாயம் மின்சார இணைப்புள்ள இடமாகப் பார்த்து புக் செய்யுங்கள். இணைப்பில்லாத இடத்தில் சுவரிலுள்ள பிளக் வேலை செய்யாது, ராத்திரி 11-லிருந்து காலை 7 வரை ஜெனரேட்டரும் போட முடியாது.

ஒண்டாரியோக்காரர்களுக்கு: வேறு மாகாணத்தில் ஆம்புலன்ஸ் கட்டணத்தை ஓஹிப் (நம் மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) தராது. நம் நாட்டுக்குள்தானே போகிறோம் என்று பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

காட்டுத்தீ பயம் உண்டா?

உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜூலை 22 இரவு ஜாஸ்பர் பூங்காவில் இருந்த சுமார் 25,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துத் தீ ஊருக்குள் வந்து, கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்துவிட்டது. ஊரைச் சுற்றிக் கருகிய மரங்கள் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். தினமும் காலையில் சாலை நிலவரம் சொல்லும் தளங்களை, ஆல்பர்ட்டாவில் 511, பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிரைவ்பிசி, பாருங்கள். பெட்ரோல் டாங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தீ மூட்டத் தடை போட்டிருந்தால் கேம்ப்ஃபயர் கிடையாது, கேள்வியே இல்லை.

காம்லூப்ஸிலிருந்து கோக்விஹாலாவை விட்டு ஃபிரேசர் பள்ளத்தாக்கு வழியாகவும் இறங்கலாம். அந்த வழியில் உள்ள லிட்டனில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது. கனடாவிலேயே அதிகபட்சம் அதுதான். மறுநாளே ஊர் எரிந்துபோனது. மதுரை வெயிலைப் பார்த்தவர்கள்கூட அங்கே ஏசி போட்டுக்கொள்ளுங்கள்.

முட்டி வலிக்காரர்கள் எதைப் பார்க்கலாம்?

வெல்ஸ் கிரேயில் ஹெல்ம்கன் அருவி, 141 மீட்டர். பார்க்கிங்கிலிருந்து சில அடிதான். மவுண்ட் ராப்சன், 3,954 மீட்டர், கனடிய ராக்கி மலைகளிலேயே உயரமானது. வரவேற்பு மையத்து வாசலில் நின்றாலே முழுசாகத் தெரியும், மேகம் விட்டால். அத்தபாஸ்கா பனியாறு மேல் பெரிய சக்கரம் வைத்த பஸ்ஸில் கூட்டிப்போகிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது கீழே இருக்கும் நடைபாதை. எந்த வருஷம் பனி எதுவரை இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். கடந்த 125 வருஷத்தில் ஒன்றரை கி.மீ.க்கு மேல் பின்வாங்கிவிட்டது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட காலத்துப் பனி நின்ற இடத்திலிருந்து இன்றைய பனிக்கு மூச்சு வாங்க நடக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் வலிக்கு மருந்து பான்ஃபின் அப்பர் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று சொல்ல ஆசைதான், அது வழியில் முன்னாலேயே போய்விடுகிறது. முதலிலேயே போய்விடுங்கள்.

வான்கூவர் தீவுக்கும் போய்விடலாமா?

நேரம் இருந்தால். ட்சவாசனிலிருந்து ஸ்வார்ட்ஸ் பே வரை ஃபெர்ரி 95 நிமிஷம். நீளமான வண்டிக்கு அடிக்கணக்கில் கூடுதல் கட்டணம், ஏறுமுன் புரொப்பேன் வால்வை மூட வேண்டும். நாங்கள் வண்டியை ஒப்படைத்துவிட்டுக் காலாறப் போனோம்.

கார் எடுத்து ஹோட்டலில் தங்கினால் மலிவாக இருக்காதா?

பெரும்பாலும் இருக்கும். வாடகை, கி.மீ. கட்டணம், ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்கான கட்டணம், காப்பீடு, பெட்ரோல் எல்லாம் கூட்டினால் மோட்டார்ஹோம் சிக்கனம் இல்லை. காப்பீட்டில் கூரையும் அடிப்பாகமும் சேருமா என்று குறிப்பாகக் கேளுங்கள், பலவற்றில் சேராது. ஆனால் பெட்டியை ஒரே ஒரு தடவைதான் பிரிக்கிறோம். நினைத்தபோது ரசம் சாதம், நினைத்த இடத்தில் சொந்தப் பாத்ரூம். அறுபதுக்கு மேல் இந்த இரண்டுக்கும் எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் கணக்கு.

இரண்டு பேருக்கும் சண்டை வராதா?

வரும். பின்பக்கமாக வண்டியை இடத்தில் விடும்போது கட்டாயம் வரும். வெளியே நிற்பவர் ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும், கத்தக் கூடாது, நிறுத்து என்பதற்கு ஒரே ஒரு கைச்சைகை. இதைக் கால்கரியிலேயே காலி பார்க்கிங்கில் பழகிவிடுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது?

தொட்டிகள் காலி, பெட்ரோலும் புரொப்பேனும் ஒப்பந்தப்படி, உள்ளே பெருக்கித் துடைத்திருக்க வேண்டும். எடுக்கும்போதே சுற்றிலும், மேலே, கீழே போட்டோ எடுத்து வைத்திருந்தால் கீறல் விஷயத்தில் பேச்சு வளராது. கடைசி ராத்திரிக்கு டம்ப் ஸ்டேஷன் உள்ள கேம்ப்கிரவுண்டாகப் பார்த்து வான்கூவருக்கு வெளியே புக் செய்யுங்கள். பெரும்பாலும் காலையிலேயே ஒப்படைக்கச் சொல்வார்கள், நகரத்துக்குள் இந்த வண்டியோடு நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.